மொராக்கோ கடைவீதியில் கற்ற பேரம்

(டில்லியில் நம் அங்கத்தினர்களின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் டெலிபோனில் கூப்பிட்டு, "ஸார், மொராக்கோ போய்விட்டு வந்தீர்களாமே, ஒரு அரை மணி நேரம் பேசுங்களேன்" என்றார். மசூதி, கோட்டை, பாலைவனம், ஒட்டகம் எல்லாவற்றையும் நீங்கள் டி.வி.யில் என்னைவிட நன்றாகப் பார்த்திருப்பீர்கள். ஆகவே அங்கே நாங்கள் சாமான் வாங்கிய கதையை மட்டும் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். பாதிக் கதை ஏமாந்த கதை. மீதிப் பாதியில் நானே ஒருவருக்கு அநியாயம் செய்தேன். இரண்டையும் மறைக்காமல் சொல்கிறேன். பிள்ளை, பெண் வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்கள் நம்மில் நிறைய. நாளைக்கு உங்களில் யாராவது அந்தப் பக்கம் போனால் உபயோகப்படும்.

எனக்கும் மொராக்கோவுக்கும் பழைய சம்பந்தம் உண்டு, ஃபைலில் மட்டும். நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் சேர்ந்தவன். சில வருஷங்கள் உர இலாகாவில் இருந்தேன். பாஸ்பேட் உரத்துக்கு வேண்டிய பாறையும் பாஸ்பாரிக் அமிலமும் நமக்கு அங்கிருந்துதான் பெருமளவில் வருகின்றன. கப்பல் கப்பலாகக் காகிதத்தில் பார்த்த தேசத்தை நேரில் பார்க்கும் பாக்கியம் ஓய்வு பெற்றுப் பல வருஷம் கழித்துக் கிடைத்தது. எங்கள் மாப்பிள்ளைக்குக் காஸாபிளாங்காவில் உத்தியோகம். 2024 அக்டோபரில் நானும் என் மனைவியும் போய் ஐந்து வாரம் தங்கினோம்.

முதலில் கடைவீதி எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். பழைய நகரத்தை அங்கே மதீனா என்கிறார்கள். சுற்றிலும் மதில், உள்ளே சந்துகள். ஃபெஸ் நகரத்து மதீனா 1981-லும், மராகேஷ் மதீனா 1985-லும் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. ஃபெஸ் மதீனாவுக்குள் கார் வராது. சாமான் எல்லாம் கழுதை முதுகிலும் கோவேறு கழுதை முதுகிலும் கைவண்டியிலும்தான். பின்னாலிருந்து "பாலக், பாலக்!" என்று குரல் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். நம் பழைய டில்லி கினாரி பஜாரில் நடந்து பழகியவர்களுக்குக் கஷ்டமில்லை.

பார்க்கத் தாறுமாறாக இருந்தாலும் அதற்குள் ஓர் ஒழுங்கு உண்டு. ஒரு தொழிலுக்கு ஒரு தெரு. கி.பி. 859-இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் கரவீயின் மசூதியும் கல்விச்சாலையும் ஃபெஸின் நடுவில் இருக்கின்றன. அதை ஒட்டி வாசனைச் சரக்குக்காரர்கள், பக்கத்திலேயே பாத்திரக்காரர்கள். தண்ணீரும் நாற்றமும் உள்ள தோல் பதனிடும் தொழிலும் சாயத் தொழிலும் ஆற்றங்கரையில். புகை கக்கும் சூளைகளை ஊருக்கு வெளியே ஐன் நொக்பி என்ற இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

இவ்வளவும் எனக்குப் பின்னால் தெரிந்தவை. முதலில் நாங்கள் போனது மராகேஷுக்கு. ரயிலில் காலையில் போய் இறங்கினோம். ஒரு வழிகாட்டியை யாரோ சொல்லி ஏற்பாடு செய்திருந்தோம். கூலி மிகவும் குறைவு. எனக்குப் பரம சந்தோஷம். ஜமா அல் ஃப்னா என்ற பெரிய மைதானத்தை ஐந்து நிமிஷத்தில் காட்டிவிட்டு, "கைத்தொழில் கூட்டுறவு ஒன்றைப் பார்க்கலாம்" என்று அழைத்துப் போனார். போன இடம் நாலு கட்டு வீடு மாதிரி ஒரு பெரிய கடை. உட்கார வைத்து, புதினா போட்ட டீயில் சர்க்கரையைக் கொட்டிக் கொடுத்தார்கள். ஒருவர் கம்பளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துக்கொண்டே போனார். முப்பது கம்பளம் விரித்த பிறகு ஒன்றும் வாங்காமல் எழுந்திருக்க நம் மாதிரி மனுஷர்களுக்குக் கூச்சமாக இருக்கும் அல்லவா? அந்தக் கூச்சம்தான் அங்கே முதலீடு.

கம்பளம் வேண்டாம் என்றதும் துப்பட்டா வந்தது. "சப்ரா, கள்ளிச் செடியின் நாரிலிருந்து எடுத்த பட்டு" என்றார். கை வைத்தால் வழுக்கியது, பளபளவென்றிருந்தது. நான் சந்தேகத்தோடு பார்த்ததும் அவரே ஓரத்து நூல் ஒன்றை உருவி லைட்டரால் கொளுத்தினார். "பாருங்கள், உருகவில்லை. நைலான் இல்லை" என்றார். கெமிஸ்ட்ரி படித்த நானும் தலையை ஆட்டினேன். ஒன்று 800 திர்ஹாம் என்றதைப் பேரம் பேசி 450-க்கு இரண்டு வாங்கினோம். அப்போது ஒரு திர்ஹாம் ஏறத்தாழ எட்டரை ரூபாய். பிறகு ஒரு டீப்பாட். "வெள்ளி" என்றார். 2,400 சொன்னதை 1,500-க்கு முடித்தேன். ரயிலில் திரும்பும்போது என் சாமர்த்தியத்தை நானே மனைவியிடம் இரண்டு முறை சொன்னேன்.

மறுநாள் காலையில்தான் மூளை வேலை செய்தது. பட்டு என்பது புரதம். கொளுத்தினால் தலைமயிர் கருகும் வாசனை வர வேண்டும். எனக்கு வந்ததோ காகிதம் எரிந்த வாசனை. "கள்ளி நாரும் செல்லுலோஸ்தானே, காகித வாசனைதானே வரும்" என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. ஆனால் ரேயான் என்று நாம் சொல்லும் விஸ்கோஸும் செல்லுலோஸ்தான், அதுவும் உருகாது. கடைக்காரர் செய்த பரிசோதனை சரி, என் முடிவுதான் தப்பு. அசல் கற்றாழை நார் எப்படி இருக்கும் என்று கிராமத்துக் கிணற்றடியில் கயிறு இழுத்த நமக்குத் தெரியாதா? முரட்டு நார். பட்டு மாதிரி வழுக்குகிற 'சப்ரா' என்று கடைவீதியில் விற்பதில் பெரும்பாலானது விஸ்கோஸ். ரேயான் மோசமான நூல் என்று சொல்லவில்லை. அதை ரேயான் என்று சொல்லி, ரேயான் விலைக்கு விற்றால் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

டீப்பாட்டுக்கு ஆர்க்கிமிடிஸைக் கூப்பிட்டேன். பெண்ணின் சமையலறைத் தராசில் எடை 610 கிராம். விளிம்புவரை தண்ணீர் நிறைந்த பாத்திரத்தில் அதை முழுக்க அமிழ்த்தி, வழிந்த தண்ணீரை நிறுத்தால் 71 கிராம். அதாவது அடர்த்தி சுமார் 8.6. வெள்ளியாக இருந்தால் 58, 59 கிராம்தான் வழிந்திருக்கும். வெள்ளியின் அடர்த்தி 10.5. தாமிரம், நிக்கல், துத்தநாகம் மூன்றும் சேர்ந்த 'ஜெர்மன் சில்வர்' என்ற கலவைக்கு இந்தக் கணக்கு ஒத்துவரும். அதில் பேருக்குக்கூட வெள்ளி கிடையாது.

இங்கே ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். வெள்ளி விலை எனக்குத் தெரியாதா? அன்றைய நிலவரப்படி 610 கிராம் வெள்ளி ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல். பதின்மூன்றாயிரத்துக்குள் கிடைக்கிறது என்றால், விவரம் தெரியாத கடைக்காரரை நான் ஏமாற்றிவிட்டேன் என்றுதான் உள்மனசு நினைத்தது. ஏமாற்றப்போனவன் ஏமாந்தான். இதில் கடைக்காரர் மேல் பாதிக் குற்றம்தான் போட முடியும்.

இரண்டு வாரம் கழித்து ஃபெஸுக்குப் போனோம். இந்த முறை மாப்பிள்ளை விசாரித்து, சர்க்கார் உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரை அமர்த்தினார். பெயரும் படமும் உள்ள அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்தார். ஐம்பது வயதிருக்கும். நல்ல இங்கிலீஷ். என்னை "ஹாஜ்" என்று கூப்பிட்டார். மெக்காவுக்குப் போய் வந்தவர்களுக்கு உரிய பட்டம் என்றாலும், வயதானவர்களை மரியாதையாக அப்படி அழைப்பது அங்கே வழக்கமாம். காசிக்கே ஒரு தடவைதான் போயிருக்கிறேன், ஆனாலும் மறுக்கவில்லை.

நான் மராகேஷ் கதையைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. நேராகச் சொன்னார்: "ஹாஜ், குறைந்த கூலிக்கு வருகிற வழிகாட்டிக்கு மீதிக் கூலியைக் கடைக்காரர் கொடுக்கிறார். நீங்கள் கொடுத்த விலையில் மூன்றில் ஒரு பங்குகூட அதற்குப் போயிருக்கலாம். எனக்கும் தருவார்கள். என் பிள்ளைகளும் படிக்க வேண்டும், நான் மகான் இல்லை. ஆனால் நாள் கூலியை முழுசாகக் கொடுத்து, கமிஷன் வேண்டாம் என்று முதலிலேயே சொன்னால், என் பங்கை உங்கள் விலையில் கழித்துக்கொள்ளும்படி கடைக்காரரிடம் சொல்வேன்." நாளுக்கு 600 திர்ஹாம் என்று பேசி, "கடைகள் வேண்டாம், செய்கிறவர்களைப் பார்க்க வேண்டும்" என்றோம்.

அந்த ஒரு நாளில் பார்த்ததைச் சொல்ல ஒரு கூட்டம் போதாது. சூளைப் பகுதியில் 'ஸெல்லீஜ்' என்ற வண்ண ஓட்டுத் துண்டுகள் செய்கிறார்கள். சாம்பல் நிறக் களிமண்ணைச் சதுர ஓடுகளாக்கி, வெயிலில் காயவைத்து, சுட்டு, மெருகுப் பூச்சு கொடுத்து மறுபடி சுடுகிறார்கள். ஆலிவ் எண்ணெய் ஆட்டிய பிண்ணாக்குதான் சூளைக்கு விறகு. பிறகு ஒருவர் தரையில் உட்கார்ந்து, கனமான கூர் சுத்தியலால் அந்த ஓட்டை நட்சத்திரமாகவும் இதழாகவும் கொத்துகிறார். இன்னொருவர் துண்டுகளை வண்ணப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து அடுக்குகிறார். எந்த நிறம் எங்கே என்பது அவர் மனக்கணக்கு. பின்பக்கம் காரை ஊற்றி, காய்ந்த பிறகு திருப்பினால்தான் கோலம் தெரியும். என் மனைவி அரை மணி நேரம் அங்கிருந்து நகரவில்லை. "புள்ளி வைக்காமல் தலைகீழாகப் போடுகிற கோலம்" என்றாள்.

ஷுவாரா என்ற தோல் பதனிடும் இடத்தை மாடியிலிருந்து பார்த்தோம். மூக்கில் வைத்துக்கொள்ளப் புதினாக் கொத்து கொடுக்கிறார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் முடி தளர்கிறது. பிறகு புறா எச்சம் கரைத்த தொட்டியில் ஊறுகிறது. அதிலுள்ள அம்மோனியாவும் நொதிகளும் சுண்ணாம்பை நீக்கித் தோலை மிருதுவாக்குகின்றன. இடுப்பளவு தண்ணீரில் நின்று மிதிக்கிறார்கள். நாங்கள் தோல் சாமான் வாங்கவில்லை. ஆனால் அந்த வேலையைப் பார்த்தவர்கள் ஒரு ஜோடி மஞ்சள் செருப்புக்கு அரை மணி நேரம் பேரம் பேச மாட்டார்கள் என்று எழுதிக் கொடுக்கிறேன்.

இப்படிச் சொல்கிற நான்தான், அன்றைக்குச் சாயங்காலமே அந்தக் காரியத்தைச் செய்தேன்.

கரவீயின் நூலகத்தின் வாசலில் ஸெஃபாரின் என்ற சின்னச் சதுக்கம். மரத்தடியில் உட்கார்ந்து தாமிரம் தட்டுகிறார்கள். நாலு பேர் தட்டுகிற சத்தம் ஒரு தாளக்கட்டில் விழும். என்னைவிட வயதில் மூத்தவராகத் தோன்றிய ஒருவரிடம் ஒரு தாமிரப் பாத்திரம் பார்த்தோம். வெளியே சுத்தியல் தடம், உள்ளே ஈயப்பூச்சு. நம் வீடுகளில் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருவார்களே, அதே வெள்ளீயம். அதைப் பார்த்ததும் என் மனைவிக்குத் தன் பாட்டியின் அடுக்களை ஞாபகம் வந்துவிட்டது.

அவர் 700 என்றார். மராகேஷில் விட்டதை இங்கே பிடிக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு வேகம். வழிகாட்டி தெருமுனையில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். கற்றுக்கொண்டிருந்த நாலு வார்த்தை அரபியில் "காலி பெஸ்ஸாஃப்", அதாவது விலை மிக அதிகம், என்றேன். எழுந்தேன், நடந்தேன், திரும்பினேன். கடைசியில் 380-க்கு முடிந்தது. அவர் முகத்தில் கோபம் இல்லை. பாத்திரத்தைத் துணியால் துடைத்து, காகிதத்தில் சுற்றி, இரண்டு கையாலும் என் மனைவியிடம் கொடுத்தார்.

வழியில் வழிகாட்டி விலை கேட்டார். சொன்னேன். சற்று நேரம் பேசாமல் நடந்தார். பிறகு, "ஹாஜ், இரண்டு கிலோ இருக்கும். தகடும் ஈயமும் மட்டும் 250 ஆகும். இரண்டு நாள் வேலை. சாயங்காலம் ஆகிவிட்டது, அன்றைக்கு வியாபாரம் நடக்காமல் இருந்திருக்கும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

நான் உத்தியோகத்தில் எத்தனையோ டெண்டர் பார்த்தவன். கழித்துப் பார்த்தேன். இரண்டு நாள் வேலைக்கு 130 திர்ஹாம். சலவைக்கல் தரையில் டீ கொடுத்துப் பொய் சொன்ன கடையில் 2,400 திர்ஹாம், அதாவது இருபதாயிரம் ரூபாய்க்கு மேல், சந்தோஷமாகக் கொடுத்தேன். தெருவில் உட்கார்ந்து உண்மையான பொருளைச் செய்த கைக்கு 320 திர்ஹாம் குறைத்தேன். என் மனைவி அன்றிரவு, "பேரம் பேச வேண்டிய இடத்தில் பேசவில்லை, பேசக் கூடாத இடத்தில் பேசிவிட்டீர்கள்" என்றாள். நாற்பத்தெட்டு வருஷத்தில் அவள் சொன்ன எதற்கும் நான் இவ்வளவு நேரம் பதில் சொல்லாமல் இருந்ததில்லை.

மறுநாள் காலையில் ஸெஃபாரினுக்குத் திரும்பப் போனோம். வெள்ளிக்கிழமை. மதீனாவில் பெரும்பாலான கடைகள் அன்று சாத்தியிருக்கும். அவர் இடமும் பூட்டியிருந்தது. பிற்பகல் ரயில். வழிகாட்டியிடம் 300 திர்ஹாமை நீட்டி, "அவரிடம் சேர்த்துவிடுங்கள்" என்றேன். அவர் வாங்கவில்லை. "முடிந்த வியாபாரத்துக்கு மேல் பணம் அனுப்பினால் அவர் தர்மமாக நினைப்பார். அவர் மஅல்லிம், தொழிலில் ஆசான். வேண்டுமானால் இன்னொரு வேலை கொடுங்கள். அவர் கேட்கிற விலையைக் கொடுங்கள்" என்றார்.

அப்படியே செய்தோம். ஊருக்கு வந்ததும் பாத்திரத்தின் வாயை அளந்து, 22 சென்டிமீட்டரில் ஒரு தாமிர மூடி வேண்டும் என்று வழிகாட்டிக்குச் செய்தி அனுப்பினேன். மாப்பிள்ளை ஃபெஸுக்குப் போனபோது, கேட்ட விலையைக் கொடுத்து வாங்கினார். 2025 மே மாதம் பெண் கொண்டுவந்தாள். கச்சிதமாகப் பொருந்துகிறது. அந்த 320 திர்ஹாம் அதில் சரியாகிவிட்டதா என்றால், இல்லை என்றுதான் சொல்வேன். மூடிக்கு அவர் வாங்கியது மூடியின் விலை.

இனி, போகப்போகிறவர்களுக்குச் சில யோசனைகள். அனுபவத்துக்குக் கொடுத்த விலையில் இவை உங்களுக்கு இலவசம்.

1. உரிமம் உள்ள வழிகாட்டியையே அமர்த்துங்கள். அட்டையைக் கேட்டுப் பாருங்கள். கூலியை முன்னாலேயே முழுசாகப் பேசிவிடுங்கள். கமிஷன் பற்றி வெளிப்படையாகப் பேசுவதில் அவமரியாதை ஒன்றும் இல்லை. மலிவான வழிகாட்டிதான் மிக விலை உயர்ந்தவர்.

2. முதல் நாள் ஒன்றும் வாங்காதீர்கள். மராகேஷில் முகம்மது ஐந்தாம் மன்னர் பெயரில் உள்ள சாலையில் சர்க்கார் ஆதரவில் நடக்கும் கைவினைக் கூடம் ஒன்று இருக்கிறது. நம் ஊர் பூம்புகார் மாதிரி விலை எழுதியிருக்கும், செய்கிறவர்களையும் பார்க்கலாம். அங்கே விலை தெரிந்துகொண்டு சந்தைக்குப் போங்கள்.

3. வேண்டாத பொருளுக்கு விலை சொல்லாதீர்கள். நீங்கள் சொன்ன விலைக்கு அவர் ஒப்புக்கொண்டால் வாங்கியே ஆக வேண்டும். அது அங்கே வாக்கு. டீ உபசாரம், டீ குடித்ததற்காக வாங்க வேண்டிய கடன் கிடையாது.

4. கம்பளத்தைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். கையால் போட்ட முடிச்சுகள் சிறிது ஏறுமாறாக இருக்கும். கம்பளி நூல் எரிந்தால் மயிர் கருகும் வாசனை வரும், சாம்பல் பொடியும். செயற்கை நூல் உருகி மணியாகும். அனுப்பி வைக்கச் சொன்னால், படம் எடுத்துக்கொண்டு பின்பக்கம் உங்கள் கையெழுத்தைப் போட்டுவிடுங்கள்.

5. வெள்ளி என்றால் முத்திரை பாருங்கள், எடை போடச் சொல்லுங்கள், அன்றைய வெள்ளி விலையோடு பெருக்கிப் பாருங்கள். நம்ப முடியாத மலிவாக வந்தால் நம்பாதீர்கள்.

6. மாமிகள் கவனிக்க வேண்டியது இது. வண்ண மண் பாத்திரங்கள் கண்ணைப் பறிக்கும். பழைய முறை மெருகுப் பூச்சில் காரீயம் இருக்கலாம். புளிப்பு அதை இழுக்கும். புளிக்குழம்பு, ரசம், ஊறுகாய் எதையும் அதில் வைக்காதீர்கள். அலமாரியில் அழகுக்கு வையுங்கள். நம் ஈயச் சொம்பின் வெள்ளீயம் வேறு, இது வேறு.

7. செய்கிறவர் கையிலிருந்து வாங்கும்போது, கேட்டதில் கொஞ்சம் குறைக்கலாம், அது அந்த ஊர் வழக்கம், அவரும் எதிர்பார்ப்பார். பாதியாக்காதீர்கள். "இதற்கு எத்தனை நாள் ஆயிற்று?" என்று முதலில் கேளுங்கள். விலையைப் பிறகு கேளுங்கள்.

டில்லிக்கு வரும் உறவினர்களை நான் எத்தனை முறை ஆக்ரா அழைத்துப் போயிருக்கிறேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு வழிகாட்டி எங்களைச் சலவைக்கல் சாமான் கடைக்கு அழைத்துப் போவார். அங்கே நான் ஒரு தடவையாவது அந்தக் கல்லில் பூ இழைத்தவர் யார், அவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டதில்லை. அந்தக் கேள்வியைக் கற்றுக்கொள்ள எழுபது வயதுக்கு மேல் ஆப்பிரிக்கா போக வேண்டியிருந்தது.

அந்தப் பாத்திரத்தில்தான் எங்கள் வீட்டில் இப்போது குடிதண்ணீர். மூடியைத் திறக்கும்போதெல்லாம் ஒரு சின்ன ஓசை வரும். கேட்க வேண்டுமென்றால் ஒரு நாள் வீட்டுக்கு வாருங்கள். காபியும் உண்டு, வாங்கச் சொல்லி ஒன்றையும் விரித்துக் காட்ட மாட்டேன்.